எழுதிப் பார்த்தல்: ஒரு துணைவினையின் வேதியியல்

1. பொருள் வரையறை

தமிழில் ‘பார்’ என்பது கண்ணின் வேலை. ஆனால் வேறொரு வினையின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும்போது அதற்குக் கண் தெரியாது. ருசித்துப் பார்க்கிறவர் நாக்கால் பார்க்கிறார். போட்டுப் பார்க்கிற செருப்பைக் கால் பார்க்கிறது. மைத்துனரிடம் கைமாற்றுக் கேட்டுப் பார்க்கிறவர் கடைசியில் பார்ப்பது மைத்துனரின் முதுகை. இவற்றிலெல்லாம் ‘பார்’ வெறும் துணைவினை. ‘சோதனையாகச் செய்’ என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. பள்ளி இலக்கணம் இந்த இடத்தில் மணியடித்து வகுப்பைக் கலைத்துவிடுகிறது.

கலைந்த வகுப்பை இக்கட்டுரை மறுபடி கூட்டுகிறது. ஊற்றுப்பேனாவில் ஒரு குறிப்பிட்ட வகை மையை ஊற்றினால், ‘எழுதிப் பார்த்தல்’ என்ற தொடரில் உள்ள ‘பார்’ தன் துணைப் பதவியை ராஜினாமா செய்துவிட்டு முதன்மை வினையாகிவிடுகிறது என்பதே இங்கு நிறுவப்பட வேண்டிய கருதுகோள். அந்த மை, இரும்பும் மாசிக்காயும் சேர்ந்த மை. தாளில் விழும்போது நீலம். எழுதியவர் மூடியைத் திருகி, கை கழுவி, சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கறுக்கத் தொடங்கியிருக்கும். ஆகவே எழுதினால் மட்டும் போதாது. உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும்.

பொறுமை, உண்மை ஆகிய சொற்களின் கடைசியிலும் ‘மை’ இருக்கிறதே, அதை ஏன் ஆராயவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். அந்தச் சிலேடை பட்டிமன்ற மேடைகளில் நிப்புத் தேய எழுதப்பட்டுவிட்டதால் ஆய்வின் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது.

2. முன்னோர் முயற்சிகள்

இத்துறையின் மூத்தவர் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியர், மூத்த பிளினி. அவர் காலத்தில் செம்பிலிருந்து எடுக்கும் விலையுயர்ந்த பச்சை நிறப்பொருளில் மலிவான அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கலந்து விற்றார்கள். இரண்டும் பச்சை, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பிளினி தன் ‘இயற்கை வரலாறு’ நூலில் ஒரு வழி சொல்கிறார். மாசிக்காய்ச் சாற்றில் ஊறிய பாப்பிரஸ் துண்டில் சரக்கைத் தடவ வேண்டும். கலப்படம் இருந்தால் துண்டு கறுத்துவிடும். மிளகாய்த்தூளில் செங்கல் பொடி இருக்கிறதா என்று தண்ணீரில் போட்டுப் பார்க்கும் நம் வீட்டுச் சோதனைக்கு இது ஒன்றுவிட்ட அண்ணன். மாசிக்காய் மை பிற்காலத்தில் எத்தனையோ பத்திரங்களைத் தாங்கியது. ஆனால் அந்த ரசாயனம் நூலேறியபோது பார்த்த வேலை, வியாபாரியின் குட்டை உடைப்பது.

அடுத்தவர்கள் மத்தியகால ஐரோப்பிய மடங்களின் துறவிகள். வாத்து இறகைச் சீவிப் பேனாவாக்கி, மையில் தோய்த்து, அது எழுதுகிறதா என்று ஏட்டின் ஓரத்திலோ கடைசிப் பக்கத்திலோ கிறுக்கிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். இந்தக் கிறுக்கல்களுக்கு அறிஞர்கள் ‘ப்ரோபாட்டியோ பென்னே’ என்று லத்தீனில் பெயர் வைத்திருக்கிறார்கள். பேனாச் சோதனை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அப்படி ஒரு கிறுக்கல்தான் இத்துறையின் பெருமை. சுமார் 900 ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் ராச்செஸ்டர் மடத்தில் இருந்ததாகக் கருதப்படும் ஒரு துறவி, கடல் தாண்டி ஃபிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும். பழைய ஆங்கிலச் சமயச் சொற்பொழிவுகள் அடங்கிய சுவடி ஒன்றில் பேனாவைச் சோதிக்க அவர் தன் தாய்மொழியில் ஒரு வரி எழுதினார். பறவைகள் கூடு கட்டுவதையும், இன்னும் கூடு கட்டாத இருவரையும் பற்றிய வரி அது. துறவிக்கு ஏன் கூட்டுக் கவலை வந்தது என்பது இந்த ஆய்வுக்கு உட்பட்டதல்ல. 1932-இல் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் கென்னத் சிசாம் அதைக் கண்டெடுத்தார். டச்சு இலக்கியமே அந்த வரியில்தான் தொடங்குகிறது என்று நெடுங்காலம் பாடம் நடத்தினார்கள். சொற்பொழிவுகளைப் பக்கம் பக்கமாக நகலெடுத்தவர்களுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. பேனா எழுதுகிறதா என்று பார்த்தவருக்குக் கிடைத்தது.

மூன்றாமவர் லண்டன் மருத்துவர் ஹென்றி ஸ்டீஃபன்ஸ். 1832 வாக்கில் இந்த மையை நீல-கறுப்பு மையாக்கிப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார். மருத்துவ மாணவராக இருந்தபோது கவிஞர் ஜான் கீட்ஸும் அவரும் ஒரே இடத்தில் தங்கியிருந்தவர்கள். 1821-இல், 25 வயதில் ரோமில் இறந்த கீட்ஸ், தன் பெயர் தண்ணீரில் எழுதப்பட்டது என்ற பொருளில் கல்லறையில் பொறிக்கச் சொன்னார். அறைத் தோழர் சுமார் பதினொரு ஆண்டு கழித்துத் தண்ணீரில் கரையாத மைக்குக் கடை போட்டார். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு உண்டு என்று இக்கட்டுரை வாதிடவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

3. சோதிப்பவர் என்னதான் எழுதுகிறார்?

பேனாக் கடையில் கல்லா ஓரமாக ஒரு துண்டுத்தாள் கட்டு கிடக்கும். வாங்க வருகிறவர்கள் எழுதிப் பார்ப்பதற்கு. களப்பணிக்கு இதைவிட நல்ல ஏடு கிடைக்காது. மேலோட்டமாகப் புரட்டினாலே நான்கு வகைகள் தெரியும்.

முதல் வகை, பிள்ளையார் சுழி. ‘உ’ போட்டு அடியில் இரண்டு கோடு. பேனாவை வாங்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டவரும் இதைப் போடுவார். இரண்டாம் வகை, சொந்தப் பெயர். மூன்றாவது, கையெழுத்து, இது ஒன்றோடு நிற்பதில்லை, ஐந்தாறு வரும், ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிய அதிகாரியின் கையெழுத்துப் போல இருக்கும். பேனாவில் பச்சை மை இருந்துவிட்டால் கடைசியில் புள்ளி வைத்து தேதியும் போடுவார்கள். நான்காம் வகை, படுத்த எட்டும் ஸ்பிரிங் சுருளும். இதை எழுதியவர் பெரும்பாலும் பேனாவை வாங்கிவிட்டவர்.

ஆங்கிலேயருக்கு இந்தத் தொல்லை இல்லை. நரி ஒன்று சோம்பேறி நாயைத் தாண்டும் வாக்கியத்தில் 26 எழுத்தும் வந்துவிடும். உலகெங்கும் மைச் சோதனை செய்கிறவர்கள் அந்த நரியை அன்றாடம் தாண்டவைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் போல 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247-ம் வரும்படி தமிழில் ஒரு வாக்கியம் அமைத்தால், முற்றுப்புள்ளிக்கு வருவதற்குள் மை தீர்ந்துவிடும் என்று ஆய்வாளர் கணக்கிட்டார். மாற்றாக மூன்று எழுத்துகளைத் தேர்ந்துகொண்டார். ‘இ’யின் சுழிகளில் நிப்பு திரும்பும்போது மை எங்கே திரள்கிறது, எங்கே வெளிறுகிறது என்பது தெரியும். ‘ழ’வின் வால், பேனா இழுத்த இழுப்புக்கு வருகிறதா என்று காட்டும். ‘ஃ’ இருக்கிறதே, அது இயற்கையாகவே அமைந்த சோதனைக் கருவி. மூன்று புள்ளி, மூன்று துளி. மை ஊறினால் மூன்றும் ஒட்டிக்கொள்ளும். ஆய்த எழுத்து தனித்து நிற்பதால் அதற்குத் ‘தனிநிலை’ என்று பெயர். ஊறுகிற மையில் அது தனித்து நிற்காது.

4. சரக்கு

மாசிக்காய் காயே அல்ல. மேற்காசியப் பக்கத்து ஓக் மரத்தின் இளங்கிளையில் கொசு அளவே உள்ள ஒரு குளவி முட்டையிடும். மரம் அந்த இடத்தில் கோலிக்குண்டு போல வீங்கிக்கொள்ளும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, ஒரு நாள் துளை போட்டு வெளியேறிவிடும். துளை விழுவதற்கு முன் பறித்த உருண்டையில் டானின் அதிகம். ஐரோப்பாவின் மைக்காரர்கள் சிரியாவின் அலெப்போ வழியாக வந்த உருண்டைகளைத் தேடி வாங்கியது அதனால்தான். அந்த மை பிரிட்டிஷ் மன்னரிடமிருந்து விலகுவதாக 1776-இல் அமெரிக்கர்கள் எழுதிய பிரகடனத்திலும் இருக்கிறது. குளவிக்கு அரசியல் கிடையாது.

தொழிற்சாலை மையை மட்டும் சோதித்தால் ஆய்வு முழுமை பெறாது என்று கருதிய ஆய்வாளர், மூலப்பொருள் தேடி நாட்டு மருந்துக் கடைக்குப் போனார். மாசிக்காய் என்றதும் கடைக்காரர் பொட்டலம் மடிக்கத் தொடங்கினார். கைக்குழந்தைகளுக்கு உரை மருந்து கொடுக்கிற வீடுகளில் சுக்கு, வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய்களோடு இதுவும் சேரும்.

“குழந்தைக்கு எத்தனை மாசம் சார்?”

“குழந்தைக்கு இல்லைங்க, பேனாவுக்கு.”

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப உரைகல் வேணாம்ல?”

வேண்டியிருந்தது அன்னபேதி. மேலே வெளிறிய பொடி படிந்த பச்சைப் படிகம். ரசாயன வகுப்பில் ஃபெரஸ் சல்ஃபேட். கூடவே கொஞ்சம் கருவேலம் பிசின். மூன்று பங்கு மாசிக்காய்க்கு ஒரு பங்கு அன்னபேதி என்பது கணக்கு. காயை இடித்து, தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் பலவீனமான டீ போல ஒன்று கிடைக்கும். அதில் அன்னபேதி விழுந்ததும் பாத்திரம் இருண்டுவிடும். இரும்பு அரிவாள்மணையில் வாழைப்பூ நறுக்கியவர்களுக்கு இது அதிசயமாக இருக்காது. வாழைப்பூவின் டானினும் மணையின் இரும்பும் விரலில் எழுதுகிற கையெழுத்தும் இதே இனம்.

கும்பகோணம் வட்டாரத்துக் கருப்பூர்க் கலம்காரிக்காரர்களும் இந்த வழியில் நடப்பவர்கள்தாம். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. கலம்காரியில் துணிக்கு முதலில் கடுக்காய் ஊட்டப்படும். வெல்லத்தோடு இரும்புத்துண்டுகளைப் பல நாள் புளிக்கவைத்த நீரை மூங்கில் கலத்தில் தொட்டு வரைவார்கள். கலத்தில் இருக்கும்போது மங்கலான நீர். துணியில் பட்டதும் கறுப்பு. அங்கேயும் வரைந்துவிட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

வீட்டு மையில் பிசின் இருப்பதால் அதை ஊற்றுப்பேனாவில் ஊற்றக் கூடாது. நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கில் அது உறைந்துவிட்டால் பேனா அப்புறம் பேசாது. அதற்குக் கட்டைப் பேனாவே சரி. ஊற்றுப்பேனாவுக்கு என்று இரும்பைக் குறைத்து, பிசினை நீக்கித் தயாரிக்கும் மைகள் இன்றும் வருகின்றன: ஜப்பானின் பிளாட்டினம் புளூ-பிளாக், ஜெர்மனியின் ரோரர் உண்ட் கிளிங்னர் தயாரிக்கும் சாலிக்ஸ் முதலியன.

‘புளூ-பிளாக்’ என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளி நாட்களில் பெட்டிக்கடையில் காசு கொடுத்துப் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டவர்கள், நீலத்தையும் கறுப்பையும் கலந்த நிறம் என்றே அதை நினைத்திருப்பார்கள். இன்று பல கம்பெனிகள் விற்பதும் அப்படிப்பட்ட கலவைதான். ஆனால் பெயர் பிறந்தபோது அது நிறத்தின் பெயர் அல்ல, நிகழ்ச்சி நிரல். முதலில் புளூ, பிறகு பிளாக். நடுவில் இருக்கும் அந்தச் சிறுகோட்டுக்குக் குறைந்தது ஒரு பகல் பொழுது பிடிக்கும்.

காரணம் எளிது. புட்டிக்குள் இரும்பு ஃபெரஸ் நிலையில் இருக்கிறது. அதற்கு நிறம் போதாது. எழுதுகிறவர் தான் எழுதுவது தனக்கே தெரியாமல் தவிக்கக் கூடாது என்பதற்காக நீலச் சாயம் சேர்க்கிறார்கள். தாளில் விழுந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் இரும்பை ஃபெரிக் நிலைக்கு மாற்றுகிறது. அது டானினோடு சேர்ந்து நீரில் கரையாத கறுப்பாகி, காகித இழையிலேயே உட்கார்ந்துகொள்கிறது. புட்டிக்குள்ளேயே இந்தக் கதை நடந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் அமிலமும் உண்டு.

5. ஆய்வு முறையும் விளைவும்

பேனா ஒன்று, நிப்பு நடுத்தரம், மை பிளாட்டினம் புளூ-பிளாக். ஒப்பிடுவதற்குச் சாதாரண ராயல் புளூ. தாள் மூன்று வகை: மைப்பித்தர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஜப்பானிய டோமோயே ரிவர் (சதுர மீட்டருக்கு 52 கிராம் எடை), கோடு போட்ட பள்ளி நோட்டு, தினசரி காலண்டர்த் தாளின் பின்பக்கம். எழுதிய வாசகம்: உ, இ, ழ, ஃ, கையெழுத்து.

காலை எட்டு மணி: இரண்டு மையும் நீலம். ஈரத்தில் ராயல் புளூ கொஞ்சம் கூடுதல் அழகு. பத்து மணி: ராயல் புளூ அப்படியே. மற்றது சிலேட்டு நிறத்துக்கு வந்திருந்தது, ‘இ’யின் சுழியில் முதலில், ‘ழ’வின் வாலில் கடைசியில். மதியச் சாப்பாடு: நீலம் என்று பிடிவாதம் பிடித்தால் நீலம். மாலை விளக்கு வைத்த பிறகு: கறுப்பு, விளிம்பில் மட்டும் நீலத்தின் ஞாபகம். வீட்டில் தயாரித்த மை இவ்வளவு நாசூக்குப் பார்க்கவில்லை. சாயம் இல்லாததால் வெளிறிய சாம்பலாக விழுந்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே, முந்தைய சொல் கறுக்க, அடுத்த சொல் வெளிற, கையைத் துரத்திக்கொண்டு வந்தது.

மறுநாள் தண்ணீர்ச் சோதனை. ராயல் புளூ மேல் ஒரு சொட்டு விட்டதும் கையெழுத்து கரைந்து தேங்கியது. புளூ-பிளாக்கில் நீலச் சாயம் மட்டும் கசிந்து போக, கறுத்த கோடு இருந்த இடத்தில் இருந்தது. வடிகட்டித் தாளின் அடியில் மைக்கோடு போட்டு நுனியைத் தண்ணீரில் நிறுத்தியபோதும் அதே காட்சி: நீலம் மாடியேறியது, இரும்பு வாசலிலேயே நின்றது. சாக்பீஸை வைத்துப் பள்ளிப் பிள்ளைகள் செய்கிற இந்த நிறப்பிரிகையைக் காகிதத்துக்குக் கொண்டுவந்து அறிவியல் முறையாக்கியதில் பங்குள்ள ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் 1952-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆய்வாளருக்கு வேட்டியில் கறை கிடைத்தது.

எதிர்பாராத விளைவு தாளில். டோமோயே ரிவரில் இரண்டு மையும் நன்றாகவே நடந்துகொண்டன; விலை கொடுத்த தாள். ஆனால் பள்ளி நோட்டில் ராயல் புளூவின் ‘ஃ’ மூன்று புள்ளியும் கால் முளைத்துக் கைகோத்துக்கொண்டன. பின்பக்கமும் நீலம் பூத்தது. மாசிக்காய் மையின் புள்ளிகள் தனிநிலையாகவே நின்றன. நோட்டின் பின்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. மட்டமான தாளில் ஊறாமல், பின்னால் வராமல் நிற்பது இவ்வகை மையின் பேர்போன குணம். பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் நேர்ந்தது ஏழாம் பகுதியில் சொல்லப்படும்.

6. தடையும் விடையும்

அற்றேல், எழுதிய பின் நிறம் மாறும் மையை நம்பலாமா எனின், நம்பலாம். இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளில் இம்மையில் கையெழுத்திடுவது வழக்கமாக இருந்தது, 2021-இல் பதிவு கணினிக்குப் போகும்வரை. மணமக்கள் நீலத்தில் கையெழுத்திட்டார்கள். அது கறுக்கும்போது ஊர் திரும்பியிருப்பார்கள். நம் தேர்தல் மையும் இந்தக் கட்சிதான். மைசூரில் தயாராகி 1962 தேர்தல் முதல் விரலில் ஏறிவரும் அதில் இருப்பது சில்வர் நைட்ரேட். வைக்கும்போது அல்ல, வெளிச்சத்தில் வந்த பிறகுதான் கறுக்கும். வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வந்தவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்கு ரசாயனக் காரணமும் உண்டு.

அற்றேல், நிலைத்து நிற்கும் மை நல்ல மைதானே எனின், அன்று. இரும்பும் அமிலமும் அளவு மீறினால் எழுதிய இடத்தையே மை தின்றுவிடும். ஜெர்மானியர் இதை ‘டின்ட்டன்ஃப்ராஸ்’ என்பார்கள். மைத்தீனி என்று வைத்துக்கொள்ளலாம். யோஹான் செபாஸ்டியன் பாக் தன் கையால் எழுதிய இசைக்குறிப்புகள் பல இப்படி அரிக்கப்பட்டன. நெருக்கமாக மை விழுந்த இடங்களில், இசை அடர்ந்த இடங்களில், தாள் சல்லடையாகிக்கொண்டிருந்தது. பெர்லின் அரசு நூலகம் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தத் தாள்களைத் தடிமன் வாக்கில் பிளந்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியே பிரித்து, நடுவே மெல்லிய தாள் வைத்து மறுபடி ஒட்டவைத்தது. ஒரு தாளை இரண்டு தாளாக உரிப்பது எப்படி என்று யோசிக்கிறவர்கள் வெங்காயத்தோலை நினைத்துக்கொள்ளலாம்.

அற்றேல், பேனாவைத் தின்னாதோ எனின், பழைய எஃகு நிப்புகளைத் தின்றது. ஊற்றுப்பேனாவுக்குத் தங்க நிப்பு வந்தது ஆடம்பரத்துக்காக மட்டும் அல்ல. தங்கத்தை இந்த அமிலம் தொடாது. இன்றைய துருப்பிடிக்காத எஃகும் தாங்கும். மாதம் ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் பேனாவைக் கழுவிவிட்டால் நாக்கில் படியாது. கழுவாமல் மூடி வைத்துவிட்டு, திறந்ததும் உதறி, பக்கத்தில் இருந்தவர் சட்டையில் கோலம் போடுவது மையின் குற்றமாகாது.

7. ஆய்வின் வரம்பு

ஆய்வாளர் பதினொரு நாளில் நாற்பத்து மூன்று தாள் எழுதினார். திரும்பிப் பார்த்தபோது அவற்றில் யாருக்கும் சொல்ல வேண்டிய ஒரு செய்தியும் இல்லை. பிள்ளையார் சுழி 43, ஆய்தம் 129 புள்ளி, கையெழுத்து எண்ணிக்கையில் அடங்கவில்லை. ராச்செஸ்டர் துறவி ஒரே வரியில் பறவையையும் கூட்டையும் கொண்டுவந்துவிட்டார் என்பது அப்போதுதான் உறுத்தியது. தானும் ஏதாவது எழுதிப் பார்க்கலாம் என்று பேனாவைத் திறந்து வைத்துவிட்டுக் காபி வாங்க அடுக்களைக்குப் போனார்.

திரும்பி வருவதற்குள் மேசையருகே அவர் மனைவி நின்றிருந்தார், பேனா கையில்.

“ஏங்க, இது எழுதுமா?”

“எழுதும், ஆனா உடனே முடிவு சொல்லக் கூடாது. பிளினி காலத்திலிருந்தே...”

மனைவி செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார். ஒரே கோடு. இரண்டு விநாடி இருக்கலாம்.

“எழுதுது” என்றார். கைக்குக் கிடைத்த தாளைத் திருப்பி, பின்பக்கம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, நின்றபடியே எழுதினார். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனார்.

ஆய்வேட்டில் அது இப்படிப் பதிவாகியிருக்கிறது. மாதிரி எண் 4, பள்ளி நோட்டுத் தாள். முன்பக்கம்: உ, இ, ழ, ஃ, கையெழுத்து ஆறு. பின்பக்கம், வேற்றுக் கையெழுத்து: துவரம் பருப்பு ஒரு கிலோ, வரமிளகாய் கால் கிலோ, பெருங்காயம், துணி சோப்பு நாலு. எழுதிய நேரம் ஞாயிறு மாலை நான்கு மணி. நீலம் நீங்கியது இரவு ஒன்பதரைக்கு. முழுக் கறுப்பு திங்கள் காலை. ஊறல் இல்லை, கசிவு இல்லை. ‘பெருங்காயம்’ என்ற சொல்லின் மேல் ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஒரு சொட்டு பட்டும் அழியவில்லை. துணி சோப்பு இன்னும் வாங்கவில்லை.